மாலையில் மலர்ந்த கலை



'கண்டக்டர்' என்றதும் தோளில் பையும் வாயில் விசிலுமாக பஸ் படியில் நிற்பவரே நம் நினைவுக்கு வருவார். மேனாட்டுச் சங்கீதத்திலும் கண்டக்டர் உண்டு. வாத்தியக்காரர் பலரைக் கையசைவால் ஒன்றுபடுத்தி நடத்துபவர் அவர். பழங்கால இசையை அவ்வாறு நடத்திப் புகழ்பெற்ற நிக்கோலஸ் ஹார்னன்கூர் என்பவரின் வரலாறு, மாதச் சம்பளத்தில் வாழும் நாம் அறியத்தக்கது.

1929இல் பெர்லினில் பிறந்து, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வளர்ந்தவர் அவர். 1952இல் வியன்னா சிம்பொனி குழுவில் செல்லோ வாசிக்கும் உத்தியோகம் கிடைத்தது. எக்காலத்து இசையையும் ஒரே பாணியில் வாசிப்பது அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. பழைய இசையை அது பிறந்த காலத்து வாத்தியங்களில் கேட்க வேண்டும் என்று விரும்பினார். மறு ஆண்டே, வயலின் கலைஞரான மனைவி ஆலிசுடனும் நண்பர் சிலருடனும் 'கொன்சென்டஸ் மூசிக்கஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். பழைய வாத்தியங்களைத் தேடிச் சேர்த்தனர். குடல் நரம்பு பூட்டி வாசித்தனர். அக்காலத்து இசை நூல்களைக் கற்றனர்.

முதல் கச்சேரி நடந்ததோ 1957இல்! நான்கு ஆண்டுகள் கேட்பார் இன்றியே பயின்றனர். வீட்டில் நான்கு குழந்தைகள். உத்தியோகத்தை அவர் 1969 வரை, 17 ஆண்டுகள், விடவில்லை. 1972இல் மிலான் நகரில் மாண்டெவெர்டியின் இசை நாடகத்தை நடத்தக் கண்டக்டராக நின்றபோது, வயது நாற்பதைக் கடந்திருந்தது. கையில் கோல் பிடிக்காமல் வெறுங்கையாலேயே நடத்துவது அவர் வழக்கம்.

பாக் இயற்றிய, 'கந்தாட்டா' எனப்படும் ஏறத்தாழ 200 தேவாலய இசைப் படைப்புகளை, டச்சுக் கலைஞர் லியோன்ஹார்ட்டுடன் பகிர்ந்துகொண்டு இசைத்தட்டில் பதிவு செய்தார். அப்பணிக்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் பிடித்தன. 2001, 2003 ஆண்டுகளில் வியன்னாவின் புகழ்பெற்ற புத்தாண்டுக் கச்சேரியை நடத்தும் பெருமையும் அவருக்குக் கிடைத்தது. 2016 மார்ச் 5ஆம் நாள் மறைந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த புல்லாங்குழல் பத்து ஆண்டுகளாக டிரங்குப் பெட்டியில் உறங்குகிறது. "ஆபீஸ் வேலை, வீட்டுக் கவலை, ரிடையரான பின் பார்ப்போம்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். உத்தியோகம் கலைக்குப் பகையன்று. நாளைக்கு என்று ஒத்திப்போடும் மனமே பகை.

இன்று மாலை பெட்டியைத் திறக்கப் போகிறேன். அண்டை வீட்டு அன்பர்கள் பொறுத்தருள்க!