பழைய சைக்கிள் வாங்கும்போது



பழைய சைக்கிள் வாங்கும்போது விலையையும் பெயின்றையும் மட்டும் பார்க்காதீர்கள். ரயர், செயின், பிறேக் ஆகியவற்றைப் பிறகு மாற்றலாம். பிறேமின் அளவை மாற்ற முடியாது.

ஒருவரைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் சீற்றில் ஏறி இருங்கள். கீழே நிற்கும் பெடலில் குதிக்காலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீற்றை முழுதாக இறக்கியும் குதி எட்டாவிட்டால் பிறேம் பெரியது. முழங்கால் மடிந்தே இருந்தால் சீற்றை உயர்த்துங்கள். சீற் கம்பியிலுள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும்வரை உயர்த்த வேண்டிவந்தால் பிறேம் சிறியது. அதில் நாளாந்தம் ஓடினால் முழங்கால் நோகும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

பார் உள்ள சைக்கிளென்றால், இரு பாதங்களும் நிலத்தில் பதிய நிற்கும்போது பாருக்கு மேல் 1 அங்குல இடைவெளியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் கால் ஊன்ற முடியாது.

கணவர் ஓடிய உயரமான சைக்கிளையே சிலர் சிரமப்பட்டு ஓடுகிறார்கள். அதை விற்க மனம் வராவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும். தினமும் ஓடுவதற்கு உங்கள் அளவில் ஒன்றைத் தேடுங்கள். அது ஆடம்பரம் அல்ல.