வாரக் கடைசித் துணைவேந்தர்

திருத்தணி என்றதும் நமக்கு முருகனும் 365 படிகளும் ஞாபகத்துக்கு வரும். அடுத்தபடியாக டாக்டர் ராதாகிருஷ்ணன் ஞாபகத்துக்கு வருவார். 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி அந்த ஊரில் பிறந்தவர், பிற்காலத்தில் ராஷ்டிரபதியானவர், அவர் பிறந்த தினத்தை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அவர் ஒரு பெரிய சர்வகலாசாலையைச் சனி, ஞாயிறுகளில் போய் நடத்தி வந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

இப்போது ஏன் அந்தக் கதை என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

மேல்நாடுகளில் சிறிய தர்ம ஸ்தாபனங்கள் இப்போது ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கின்றன. முழுச் சம்பளம் கொடுத்து ஒரு நிர்வாகத் தலைவரை வைத்துக்கொள்ளப் பணம் போதாது. ஆகவே அனுபவசாலி ஒருவரை வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று அமர்த்திக்கொள்கிறார்கள். அவரே மற்ற நாட்களில் இன்னொரு ஸ்தாபனத்தைக் கவனித்துக்கொள்வார். "அடேயப்பா, புதுமை!" என்கிறார்கள். நம் ஊர் மாதர் சங்கத்துக் கௌரவக் காரியதரிசி அம்மாள் இதைக் கேட்டால் சிரிப்பார். காலையில் சமையல், நடுவில் உத்தியோகம், சாயங்காலம் சங்கம் என்று அவர் எத்தனையோ வருஷமாக இதைத்தானே செய்து வருகிறார்! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியபோது அவருக்கு வேறு வேலையா இல்லை? அவர் டாக்டர், குடும்பமும் இருந்தது.

இப்போது காசிக்கு வருவோம். காசி ஹிந்து சர்வகலாசாலை 1916-ல் ஏற்பட்டது. பண்டித மதன்மோகன மாளவியா ராஜாக்களிடமும் சாதாரண ஜனங்களிடமும் கையேந்திச் சேர்த்த பணத்தில் எழுந்தது அது. 1919 முதல் அவரே துணைவேந்தராக இருந்தார். உடம்பு தளர்ந்த பிறகு, 1939-ல், அந்தப் பொறுப்பை ராதாகிருஷ்ணனிடம் ஒப்படைக்க விரும்பினார். ராதாகிருஷ்ணனோ அப்போது கல்கத்தா சர்வகலாசாலையில் தத்துவப் பேராசிரியர். போதாததற்கு ஆக்ஸ்போர்டிலும் ஒரு பேராசிரியர் பதவி. ஆனாலும் பெரியவரின் பேச்சைத் தட்டவில்லை. சம்பளமில்லாத கௌரவப் பதவியாக ஏற்றுக்கொண்டு, கல்கத்தாவில் பாடம் நடத்திவிட்டு வாரக் கடைசியில் காசிக்கு ரயிலேறினார்.

இப்படி எத்தனை காலம் ஓடும்? சுமார் இரண்டு வருஷம் ஓடியது. 1941-ல் கல்கத்தாப் பதவியை விட்டு, காசியிலேயே ஒரு பேராசிரியர் பதவியை ஏற்று அங்கே தங்கிவிட்டார். நல்ல வேளை! மறு வருஷம் ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் மூண்டது. மாணவர்கள் கிளர்ந்தார்கள். மாகாண கவர்னர் ஸர் மாரிஸ் ஹாலெட், சர்வகலாசாலையையே யுத்த ஆஸ்பத்திரியாக மாற்றிவிட முனைந்தார். ராதாகிருஷ்ணன் டில்லிக்கு விரைந்து, வைஸ்ராய் லின்லித்கோவிடம் பேசி அதைத் தடுத்தார். கோபம் கொண்ட கவர்னர் சர்க்கார் உதவிப் பணத்தை நிறுத்திவிட்டார். துணைவேந்தர் ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். 1948 ஜனவரி வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஆபத்து சனிக்கிழமை பார்த்து வருவதில்லை. பகுதி நேரத் தலைவரை வைத்துக்கொள்ளும் எந்த ஸ்தாபனமும் யோசிக்க வேண்டியது இதைத்தான். செவ்வாய்க்கிழமை இரவு விடுதியில் ஒரு குழந்தைக்கு ஜுரம் கொதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரியதரிசி அம்மாள் வெள்ளிக்கிழமைதான் வருவார். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா, பணத்தை யாரிடம் கேட்பது என்று காவலிருக்கும் ஆயா தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு யார் பொறுப்பு? பாவம், ஆயாவா பொறுப்பு? இல்லை. அவளுக்கு அதிகாரமும் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து வைக்காத கமிட்டிதான் பொறுப்பு.

ஆகவே ஆளை அமர்த்துவதற்கு முன்னால் சில விஷயங்களைக் காகிதத்தில் எழுதிவிடுவது நல்லது. தலைவர் எந்த நாட்களில் வருவார், அவர் இல்லாதபோது எதை யார் தீர்மானிக்கலாம், எவ்வளவு ரூபாய் வரை கேட்காமல் செலவிடலாம், செக்கில் கையெழுத்திடும் இரண்டு பேர் யார்? பதிவு செய்த சங்கமானால் 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருஷா வருஷம் பொதுக்குழு கூட்ட வேண்டும். தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அதைக் கவனிப்பது யார் என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. கௌரவப் பதவி என்றால் செலவில்லாத பதவி என்று அர்த்தமில்லை. பஸ் கட்டணம், தொலைபேசிச் செலவு எல்லாம் அந்த அம்மாளின் கைப்பணத்திலிருந்து போகிறது; அதற்கு மேல் வீட்டில், "சங்கத்துக்கு மட்டும் நேரம் இருக்கிறதாக்கும்!" என்ற பேச்சும் கிடைக்கிறது. முடிந்தால் சம்பளம் கொடுங்கள். முடியாவிட்டால் கைச்செலவையாவது கொடுத்துவிடுங்கள். இரண்டு நாள் வேலைக்கு ஒப்புக்கொண்டவரிடம் ஆறு நாள் வேலையை வாங்காமலும் இருங்கள். வேலை பெருகிவிட்டால், ராதாகிருஷ்ணன் ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றிக்கொண்ட மாதிரி, அவரும் ஒரு முடிவுக்கு வரட்டும். அல்லது கமிட்டி வேறு ஆளைத் தேடட்டும்.

சகோதரிகளே, உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் காப்பி வருவதற்கு முன்பே இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: "நம் காரியதரிசி ஊரில் இல்லாத அன்று சாவி யாரிடம்?" உடனே பதில் வந்தால் உங்கள் சங்கம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், அன்றைக்கே உட்கார்ந்து அந்தக் காகிதத்தை எழுதிவிடுங்கள்.