உங்கள் புரோகிராம் உங்கள் வீட்டில் இருக்கிறதா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் நமக்குச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. போட்டோ, கடிதம், கணக்கு எதுவானாலும் பேக்கப் எடுத்து வையுங்கள் என்பதே அது. ஆனால் அந்தப் பைல்களைத் திறக்கும் புரோகிராமுக்கு நம்மில் பெரும்பாலோர் பேக்கப் எடுப்பதில்லை. "அதுதான் நெட்டில் இருக்கிறதே, வேண்டும்போது டவுண்லோட் செய்து கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். 2024 டிசம்பர் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வர, கடலூரில் பல பகுதிகள் தண்ணீரில் மிதந்தன. எங்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. என் மனைவி நடத்தும் தையல் கடையின் கம்ப்யூட்டர் போயிற்று. நல்லவேளையாக, வாடிக்கையாளர்களின் அளவு, கொடுத்த முன்பணம், பொங்கல் ஆர்டர் எல்லாம் பென் டிரைவில் பத்திரமாக இருந்தன.

வேறு கம்ப்யூட்டர் வாங்கி, நெட் இணைப்பு வந்ததும் கணக்குப் புரோகிராமை இறக்கினோம். அங்கேதான் சிக்கல். நாங்கள் பயன்படுத்திய பழைய பதிப்பை அதை உருவாக்கியவர்கள் நீக்கிவிட்டிருந்தனர். புதிய பதிப்போ எங்கள் பழைய டேட்டாவைத் திறக்க மறுத்தது. யார் எவ்வளவு முன்பணம் கொடுத்தார்கள் என்ற கணக்கு கையில் இருந்தும் படிக்க முடியவில்லை. பொங்கலுக்கு ஒரு மாதமே இருந்தது.

சிதம்பரத்தில் இருக்கும் என் தங்கை மகன்தான் காப்பாற்றினான். எப்போதோ சோதித்துப் பார்ப்பதற்காக அதே புரோகிராமின் பழைய பதிப்பைத் தன் லேப்டாப்பில் இறக்கியிருந்தான். அதை அழிக்காமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம். பென் டிரைவில் ஏற்றிக் கொண்டு பஸ் ஏறி வந்தான். அன்று மாலையே கணக்கு திறந்தது. அதிர்ஷ்டத்தை நம்பி இனிக் கடை நடத்தக் கூடாது என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

கண்டெய்னர் என்றால் என்ன?

எங்கள் புரோகிராம் கண்டெய்னர் வகையைச் சேர்ந்தது. கல்யாணச் சமையல்காரரை நினைத்துக் கொள்ளுங்கள். அடுப்பு, அண்டா, கரண்டி, மளிகை என எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றி வந்துவிடுவார். மண்டபத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்ற கவலை அவருக்கு இல்லை. அதுபோல ஒரு புரோகிராமையும், அது ஓடத் தேவையான மற்ற பைல்களையும் சேர்த்துக் கட்டி வைப்பதுதான் இமேஜ். அதை ஓடவிட்டால் கண்டெய்னர். 2013ல் வெளியான டாக்கர் என்ற சாப்ட்வேர்தான் இம்முறையைப் பரவலாக்கியது. இந்த இமேஜ்களைப் பெயர், பதிப்பு வாரியாக அடுக்கி வைத்து, கேட்டவர்களுக்கு எடுத்துத் தரும் குடோன்தான் ரிஜிஸ்ட்ரி. டாக்கர் ஹப் என்பது எல்லாருக்கும் பொதுவான பெரிய குடோன்.

பொது குடோன் வசதியானதுதான். ஆனால் அது நம்முடையது அல்ல. 2020 நவம்பரில் டாக்கர் ஹப் ஒரு கட்டுப்பாடு கொண்டு வந்தது. லாக் இன் செய்யாதவர்கள் 6 மணி நேரத்துக்கு 100 முறைதான் இமேஜ் இறக்கலாம் என்றது. நூறு முறை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கணக்கு ஆள் வாரியாக அல்ல, ஐ.பி. முகவரி வாரியாக. இங்கே பல இணைப்புகளில் ஒரே ஐ.பி. முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்து கொள்கின்றன. யாரோ இறக்கியதும் நம் கணக்கில் சேரும். 2025ல் இன்னொன்று நடந்தது. பிட்நாமி என்ற பெயரில் பல ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்து வந்த இமேஜ்கள், இனிப் புதுப்பிக்கப்படாத பழைய சரக்கு என்று வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன. இதற்காக அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குடோன் அவர்களுடையது, சாவியும் அவர்களிடம். நமக்கு வேண்டியதை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

வீட்டிலேயே ரிஜிஸ்ட்ரி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒரே கம்ப்யூட்டர்தான் என்றால் ரிஜிஸ்ட்ரி தேவையே இல்லை. டாக்கர் சேவ் என்ற கட்டளை ஓர் இமேஜை ஒரே பைலாக மாற்றித் தரும். அதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். டாக்கர் லோட் என்ற கட்டளை அதைத் திரும்ப ஏற்றும். தங்கை மகன் செய்தது இதைத்தான்.

வீட்டிலும் கடையிலுமாக இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தால்தான் ரிஜிஸ்ட்ரி கை கொடுக்கும். இது பெரிய கம்பெனிகளின் வேலை என்று பயப்படாதீர்கள். ரிஜிஸ்ட்ரி என்ற பெயரிலேயே இலவச இமேஜ் கிடைக்கிறது. ஒதுக்கி வைத்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, 5000 என்ற போர்ட்டில் அதை ஓடவிட்டால் போதும். வேண்டிய இமேஜுக்கு நம் ரிஜிஸ்ட்ரியின் முகவரியைச் சேர்த்துப் பெயரிட்டு, புஷ் கட்டளை கொடுத்தால் உள்ளே போய்விடும். புல் கட்டளை கொடுத்தால் வெளியே வரும். பல இமேஜ்களுக்குப் பொதுவான அடுக்குகளை அது ஒருமுறைதான் சேமிக்கும். அதனால் டிஸ்க்கில் இடம் மிச்சம்.

நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சொல்கிறேன். இமேஜ்கள் சேரும் இடத்தைக் கண்டெய்னருக்கு வெளியே, ஹார்ட் டிஸ்க்கில் தனி போல்டராக வையுங்கள். இல்லாவிட்டால் கண்டெய்னரை நீக்கும்போது எல்லாம் சேர்ந்து போய்விடலாம். மின்சாரம் போய் வந்தால் தானே மீண்டும் ஓடும்படி அமைத்துவிடுங்கள். லேட்டஸ்ட் என்ற பெயரில் எதையும் சேமிக்காதீர்கள். அது இன்று ஒரு பதிப்பையும் நாளை வேறொன்றையும் குறிக்கும். பதிப்பு எண்ணோடு சேமியுங்கள். மற்ற கம்ப்யூட்டர்கள் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத ரிஜிஸ்ட்ரியை ஏற்க மறுக்கும். வீட்டுக்குள் மட்டும் என்றால், அந்த முகவரியை நம்பலாம் என்று அவற்றின் டாக்கர் செட்டிங்கில் எழுதிவிடலாம். பாஸ்வேர்ட் இல்லாமல் வெளி இன்டர்நெட்டில் மட்டும் திறந்து வைக்கவே கூடாது.

இதே ரிஜிஸ்ட்ரி சாப்ட்வேரைத் தனியாக டாக்கர் ஹப்பின் இடைத்தரகராகவும் ஓடவிடலாம். ஒருமுறை இறக்கியதை நினைவில் வைத்து அடுத்த கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். ஆனால் பொதுவாக 7 நாட்களில் அதைத் தானே கழித்துவிடும். இதைப் பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள்.

எங்கள் ரிஜிஸ்ட்ரி போல்டரின் ஒரு நகல் இப்போது சிதம்பரத்தில் இருக்கிறது. ஆனால் 45 கிலோமீட்டர் தொலைவில், அதே மாவட்டத்தில், அதே மழையில் இருக்கும் ஊர் அது. 2011 டிசம்பரில் தானே புயலும், 2015ல் பெருமழையும் மாவட்டம் முழுவதையுமே வாட்டின. ஆகவே மூன்றாவது நகல் மதுரை உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறது.

தில்லைக் கோயிலின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேவார ஏடுகள் அங்கே ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் திறக்கச் செய்தபோது கரையான் அரித்தது போக மிஞ்சியதுதான் கிடைத்தது என்றும் திருமுறை கண்ட புராணம் சொல்லும். ஏடுகளை யாரும் திருடவில்லை. பத்திரமாகத்தான் பூட்டியிருந்தார்கள். ஆனால் திறந்து பார்க்க ஆள் இல்லை.

ரிஜிஸ்ட்ரிக்கும் இதேதான். அமைத்த அன்று இருக்கும் ஆர்வம் ஆறு மாதத்தில் போய்விடும். டிஸ்க் நிறைந்தது தெரியாது, பழுதானதும் தெரியாது. எனவே நான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வீட்டு ரிஜிஸ்ட்ரியிலிருந்து மட்டும் கணக்குப் புரோகிராமை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் உள்ள டேட்டாவைத் திறந்து பார்க்கிறேன். அரை மணி நேர வேலை. பழைய பதிப்புகளில் பாதுகாப்புக் குறைகள் இருக்கும் என்பதால் அவற்றை நெட்டோடு இணைத்து ஓட்டுவதில்லை. பழைய கணக்கைத் திறக்க மட்டுமே அவை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கு திறக்கிறதா?