குளவியைக் கொல்லும் மருந்து

தக்காளி, ஆமணக்கு, தட்டைப்பயறு முதலிய பயிர்களின் இலைகளில் பாம்பு ஊர்ந்த தடம்போல் வெண்கோடுகள் கண்டவுடன் குடியானவர்கள் கலக்கமுற்று, கடன் வாங்கியேனும் மருந்து தெளித்தல் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் பொருளை விரயமாக்குவதோடு, பல சமயங்களில் பூச்சியைப் பெருக்கவும் செய்கின்றது.

இக்கோடுகளை உண்டாக்குவது அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1990-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் புகுந்த இலைத் துளைப்பான் என்னும் சிறு ஈயின் புழுவாகும். புழு இலையின் இரு தோல்களுக்கும் இடையே வசிப்பதால் மருந்துகள் பலவும் அதனை எட்டுவதில்லை. வெளியே திரியும் சிறு குளவிகளோ அவற்றால் மடிகின்றன.

இக்குளவிகளே குடியானவரின் கூலி கேளாத காவலர். டைகிளிபஸ் என்னும் குளவி இலைமேல் நடந்து புழுவைத் தேடிக் குத்திச் செயலற்றதாக்கி, அதனருகே முட்டையிடும். வெளிவரும் குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து, தன் கழிவினாலேயே சிறு தூண்கள் எழுப்பி, இலைத்தோல் தன்மேல் அமுங்காதவாறு தாங்கிக்கொள்ளும். ஓபியஸ் என்னும் குளவி புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். அவ்வாறு முட்டையிடப்பெற்ற புழுவையும் டைகிளிபஸ் தாக்குவதுண்டு. குளவி குளவியை அழிப்பதால் பயனென்ன என்று சிலர் வினவலாம். இரண்டில் எது வென்றாலும் ஈயின் புழு பிழைப்பதில்லை.

கலிபோர்னியாவில் தக்காளிக்கு மெத்தோமைல் தெளித்தமையால் இவ்வீக்கு நெருங்கிய இனமொன்று பெருகியதை ஓட்மன், கென்னடி என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1976-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். அடிக்கடி மருந்து பட்ட ஈக்கள் அதனைத் தாங்கும் வன்மையையும் விரைவில் பெற்றுவிடுகின்றன.

ஆகையால் மருந்தை எடுக்குமுன் பத்து இலைகளையேனும் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். மஞ்சள் நிறப் புழு அசைந்தால் அது உயிருள்ளது. அசைவற்றுப் பழுப்பேறியிருப்பின், அல்லது கோட்டினுள்ளேயே கரிய கூட்டுப்புழு காணப்படின், அங்கே குளவி வேலை செய்கின்றதென அறியலாம். ஈயின் புழு கூட்டுப்புழுவாகும் முன்னர் இலையை விட்டு வெளியேறிவிடும். இளநாற்றுக்களில் சேதம் மிகுந்து, குளவியின் அடையாளமும் இல்லையெனின், 5 சத வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிக்கலாம். நன்கு வளர்ந்த பயிரோ சில இலைகளின் சேதத்தைப் பொறுக்கவல்லது.

விளைச்சல் குன்றுமோ என்னும் அச்சம் இயல்பே. ஆயினும், கள்வனைத் தேடிப் புறப்பட்டுக் காவலனை வெட்டுதல் விவேகமாகாது.