மண்ணில் புதைத்தால் கால் வருமா?

2019-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சூரிய கிரகணம். அன்று கர்நாடக மாநிலம் கலபுரகி அருகே ஒரு கிராமத்தில், கை கால் விளங்காத குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் பகைவர்கள் அல்ல, பெற்றவர்கள்! கிரகண நேரத்தில் மண்ணுக்குள் இருந்தால் ஊனம் தீரும் என்று நம்பினார்கள். அந்தக் காட்சி படத்துடன் பத்திரிகைகளில் வந்தது. பார்த்தவர்கள் பதறினார்கள்.

அந்தப் பெற்றோரைத் திட்டுவதால் பயன் இல்லை. பிள்ளை எழுந்து நடக்க வேண்டும் என்ற ஆசைதான் அவர்களை அப்படிச் செய்ய வைத்தது. ஆனால் அந்த ஆசைக்கு மண் துணை செய்யாது. பின் எது துணை செய்யும்?

மூளையில் பட்ட காயம்

குழந்தைகளின் கை கால் விளங்காமல் போவதற்கு முக்கியமான காரணம், மூளை முடக்குவாதம். டாக்டர்கள் இதை 'செரிப்ரல் பால்சி' என்பார்கள். கோளாறு காலில் இல்லை. காலை ஆட்டி வைக்கும் மூளையில் இருக்கிறது.

குறை மாதத்தில் பிறப்பது, பிறக்கும்போது மூச்சுத் திணறுவது, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் - இவற்றால் பிஞ்சு மூளை காயப்படலாம். பெரும்பாலும் தாயின் வயிற்றில் இருக்கும்போதே காயம் ஏற்பட்டுவிடுகிறது. தாய் செய்த பாவம் என்பது வீண் பழி. தந்தையின் வினை என்பதும் அப்படியே.

மூளையில் பட்ட காயம் ஆறுவது இல்லை. ஆனால் அது வளர்வதும் இல்லை! இதுதான் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

எது கூட்டும், எது குறைக்கும்?

காயம் எவ்வளவு பெரிது, எந்த இடத்தில் பட்டது என்பதைப் பொறுத்தே குழந்தையின் நடமாட்டம் பெரிதும் அமைகிறது. அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் மாற்றக்கூடியவை பல உண்டு.

பயன்படுத்தாத தசை மெலியும். நீட்டாத மூட்டு இறுகும். வலிப்பு அடிக்கடி வந்தால் கற்ற பழக்கமும் தடைப்படும். படுக்க வைத்துச் சோறு ஊட்டினால் உணவு மூச்சுக் குழலில் இறங்கும். சளியும் காய்ச்சலும் விடாது. வயிறு நிறையாத குழந்தைக்கு எழுந்து உட்காரத் தெம்பு ஏது? மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு நழுவுகிறது. டாக்டர் சொல்லும்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், முற்றும் முன்பே கண்டுபிடிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. அது குழந்தையின் சொந்த முயற்சி. பிறர் காலைப் பிடித்து நீட்டி மடக்குவதைவிட, குழந்தை தானே எட்டிப் பிடிப்பதும் புரள்வதும் அதிகப் பலன் தரும். கிலுகிலுப்பையைக் கையில் திணிக்கக் கூடாது. சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். சுவர் மூலையில் தலையணை அணைத்து உட்கார வைத்தால் இரண்டு கையும் விளையாட வரும். பாவம் என்று நாள் முழுவதும் இடுப்பில் சுமப்பது பாசம்தான். ஆனால் அந்தப் பாசம் பயிற்சியைத் திருடிவிடுகிறது!

காலம் காத்திருக்காது

கனடாவில் 657 குழந்தைகளைக் கவனித்து, 2002-ம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாதிப்பு லேசாக உள்ள குழந்தை, தன்னால் அடையக்கூடிய உடல் இயக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஏறக்குறைய 5 வயதுக்குள் அடைந்துவிடுகிறது. பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தால் 3 வயதுக்குள்ளேயே அந்த எல்லை வந்துவிடுகிறது.

ஆகவே, "ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் நடப்பான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. நாலு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லையா? கை எப்போதும் மூடியே இருக்கிறதா? கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் போலப் பின்னுகின்றனவா? ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லையா? உடனே குழந்தை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆறு மாதம் ஒரு மந்திரவாதி, ஆறு மாதம் ஒரு நாட்டு வைத்தியர் என்று அலைந்தால் போன வயது திரும்பாது.

கால் நடக்காவிட்டால்?

எல்லாக் குழந்தையும் நடந்துவிடும் என்று சொல்வது பொய். சில குழந்தைகளுக்குச் சக்கர நாற்காலிதான் கால். அதனால் வாழ்வு முடிந்துவிடுமா?

மிது அலூர் என்ற தாய், இத்தகைய தம் மகள் மாலினியை மனதில் கொண்டு 1972-ம் ஆண்டில் பம்பாயில் ஒரு தனிப் பள்ளியைத் தொடங்கினார். மாலினி பின்னாளில் பட்ட மேற்படிப்பு முடித்தார். ஒரே விரலால் தட்டச்சு செய்து தம் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக எழுதினார். கால் விளங்காவிட்டால் அறிவும் விளங்காது என்று யார் சொன்னது?

2016-ம் ஆண்டுச் சட்டம் மூளை முடக்குவாதத்தையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் பெற வழி இருக்கிறது. பள்ளியில் சேரும் உரிமையும் இருக்கிறது.

வீட்டில் ஒரு தாய் மட்டும் இந்தப் பாரத்தைச் சுமக்கக் கூடாது. தகப்பன் ஒரு வேளை பயிற்சி கொடுக்கலாம். அண்ணனும் அக்காளும் கூட விளையாடலாம். பக்கத்து வீட்டார், "ஐயோ பாவம்" என்பதை நிறுத்தினாலே பாதி உதவி.

குழந்தையை மண்ணில் புதைக்க வேண்டாம். மண்ணில் உட்கார வைத்து விளையாட விட வேண்டும்!