ஆரம் எவ்வளவு என்று பேனா கேட்பதில்லை

“கையால் வரைந்து பழகுவது இனி வீண்வேலை.” பொருள் வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களும் சொல்கிறார்கள், அவர்களை வேலைக்கு எடுப்பவர்களும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவர்களிடம் காரணங்கள் இருக்கின்றன, அவற்றை அடுக்கடுக்காக எடுத்து வைக்கிறார்கள். பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன், அதைக் கற்பிப்பவன் என்ற முறையில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பேச்சை நம்பிப் பேனாவைத் தொடாமலே படிப்பை முடிக்கும் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்பதை அன்றாடம் பார்க்கிறேன்.

முதல் காரணம் மென்பொருள். கணினி வேகமாகவும் பிசிறில்லாமலும் வரையும்போது கை எதற்கு என்கிறார்கள்.

மிக்சி ஜாருக்கு ஒரு கைப்பிடி யோசிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கேட் (CAD) எனும் கணினி வரைவு மென்பொருளில் ஒரு கோடு போட்டால் நீளம் கேட்கும். மூலையை வளைத்தால் ஆரம் கேட்கும். கட்டைவிரல் எங்கே பதிய வேண்டும், கைப்பிடி ஜாரின் உடம்பிலிருந்தே வளர வேண்டுமா, தனியாகச் செய்து திருகிப் பூட்ட வேண்டுமா என்பதே முடிவாகாத நேரம் அது. ஆனாலும் எண்ணைக் கொடுத்தால்தான் வடிவம் முழுசாகும். போகிறபோக்கில் 5 என்று தட்டிவிடுகிறோம். அந்த 5 மில்லிமீட்டர், மாதங்கள் கழித்துக் கடைக்கு வரும் பொருளில் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பிறகு யாரும் கேள்வி கேட்கவும் இல்லை.

பேனா எண் கேட்காது. ஒரே விளிம்பை மூன்று முறை மேலும் கீழுமாக ஓட்டிய கோட்டில் எது சரியான விளிம்பு என்பது இன்னும் தீராமல் இருக்கிறது. அரைமணி கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது, கைப்பிடி என்று போட்ட வளைவு ஊற்றுவாயாகத் தெரியலாம். அந்தத் தெளிவின்மையில்தான் அடுத்த யோசனை முளைக்கிறது. வினோத் கோயல் 1995-ல் எழுதிய நூலில் இதை ஆராய்ந்தார். பயிற்சி பெற்ற வடிவமைப்பாளர்களைக் கையாலும், கணினி வரைவு நிரலாலும் வேலை செய்ய வைத்து ஒப்பிட்டார். கையால் வரைந்தபோது ஒரு யோசனையிலிருந்து பக்கவாட்டில் வேறொரு யோசனைக்குத் தாவுவது அதிகமாக இருந்தது. நிரலில் வரைந்தபோது முதலில் பிடித்த யோசனையையே திருத்தித் திருத்தி மெருகேற்றுவது அதிகமாக இருந்தது.

மென்பொருளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1963-ல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைவு நிரலிலேயே இத்தகைய மென்பொருளின் வேர் இருக்கிறது. ஒளிப்பேனாவால் திரையில் தோராயமாகக் கோடு போட்டால், கேட்டபடி அது நேராக்கும், இணையாக்கும். மகத்தான வேலை. சுவரின் தடிமன் எங்கும் ஒன்றாக இருக்கிறதா, அச்சிலிருந்து பொருள் கழன்று வரப் போதிய சரிவு இருக்கிறதா என்பதையெல்லாம் கைப்படத்தால் சொல்ல முடியாது, கேட் சொல்லும். எப்போது நேராக்குவது என்பதுதான் கேள்வி. யோசனை பிறப்பதற்கு முன்பே நேராக்கினால், பிறக்கவேண்டியது பிறக்காது.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. நாலு வார்த்தை தட்டினால் நாற்பது படம் வருகிறதே, யோசனைக்கு என்ன பஞ்சம் என்கிறார்கள். இது புதிய வாதம், ஆனால் இதற்குள் இருக்கும் ஆபத்து பழையது. 1991-ல் ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, ஒரு குழுவுக்கு மட்டும் மாதிரிப் படம் காட்டினார்கள். மாதிரியில் உறிஞ்சுகுழல் இருந்தது. உறிஞ்சுகுழல் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். படம் பார்த்த குழுவினர் பலர் அப்படியும் உறிஞ்சுகுழல் போட்டார்கள். கண் ஒருமுறை பிடித்துக்கொண்டதை அறிவு சொல்லியும் கை விடவில்லை. வெறும் கோட்டுப்படமே இப்படிக் கட்டிப்போடுமானால், ஒளியும் நிழலும் பளபளப்புமாக வந்து நிற்கும் நாற்பது படங்கள் என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்கிறேன். என் வகுப்பில் விடை தெரிகிறது: படம் தேடிவிட்டு உட்காரும் மாணவர்களின் தாள்கள் ஒன்றுபோல இருக்கின்றன. முதலில் ஒரு மணி நேரம் வரைந்துவிட்டுப் பிறகு தேடுபவர்கள், வந்த படங்களில் எது பொய், எங்கே கைப்பிடி உடம்போடு சேரவே முடியாது என்று கண்டுபிடிக்கிறார்கள். படத்தைச் சோதிக்கும் கண்ணும் வரைந்து பழகியதில்தான் வருகிறது.

மூன்றாவது காரணத்தை ஆய்வுகளைப் படித்தவர்கள்தான் சொல்வார்கள், அது எனக்கு மிகவும் பிடித்த வாதமும்கூட. தேர்ந்தவர்களுக்கு வரைதலே தேவையில்லை என்று ஆராய்ச்சி காட்டிவிட்டதாம். பில்டா, ஜீரோ, பர்செல் மூவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. அனுபவமிக்க மூன்று கட்டடக் கலைஞர்களின் கண்ணைக் கட்டி, மனத்துக்குள்ளேயே வடிவமைக்கச் சொன்னார்கள். கடைசியில் மட்டும் கட்டை அவிழ்த்து, யோசித்ததைத் தாளில் இறக்கச் சொன்னார்கள். வரைந்துகொண்டே வடிவமைத்ததற்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆய்வு நேர்மையானது, முடிவையும் ஏற்கிறேன். ஆனால் அந்த மூவரும் யார்? வாழ்நாளெல்லாம் வரைந்தே வளர்ந்தவர்கள். மனக்கணக்கில் புலியான மளிகைக்கடைக்காரரைக் காட்டி, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடே வேண்டாம் என்று சொல்வோமா? கண்ணைக் கட்டியபோதும் ஒரு சுவரைத் திருப்பி மறுபக்கம் பார்க்க அவர்களால் முடிந்தது. ஆயிரக்கணக்கான தாள்களில் கை திருப்பிப் பார்த்ததெல்லாம் மனத்துக்குள் குடியேறிவிட்டது என்றே அதைப் புரிந்துகொள்கிறேன். இருபது வயது மாணவருக்கு அந்த ஆய்வு பேனாவைக் கீழே வைக்க அனுமதி தரவில்லை.

இனி தொழிற்சாலைப் பக்கம். கைப்படத்தை வைத்து யாரும் எதையும் செய்வதில்லை, ரெண்டர் (ஒளி நிழலோடு கணினி தீட்டும் படம்) இல்லாமல் கூட்டத்துக்குள் நுழையவே முடியாது என்கிறார்கள்.

கோவையில் ஒரு டூல் ரூம். பிளாஸ்டிக் மூடி ஒன்றுக்கு அச்சு செய்ய வேண்டும். மடிக்கணினியில் ரெண்டரைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினேன். அச்சு செய்யும் பெரியவர் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்று பார்த்தார். “நல்லா இருக்குதுங்க” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு ஏதோ உறுத்தியது. மேசையில் கிடந்த ஒரு டெலிவரி சலானைத் திருப்பிப்போட்டு, மூடியை நடுவில் வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்தேன், உள்பக்கக் கொக்கியோடு. கோடு கோணலாகத்தான் இருந்தது. அவர் குனிந்தார். என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார்.

“இந்தக் கொக்கி அச்சுல மாட்டிக்குங்க தம்பி. ஸ்லைடர் போடோணும், செலவு ஏறிப்போகும்.” என் படத்தின் மேலேயே இரண்டு கோடு இழுத்தார். “கொக்கிக்கு நேர் அடியில ஒரு சன்னல் விட்டுட்டா, அச்சு நேரா வந்து நேராவே போயிருமுங்க.”

பக்கவாட்டில் நகரும் ஒரு பாகமே அச்சில் தேவைப்படாமல் போயிற்று. ரெண்டரைப் பார்த்தபோதும் அது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் முடிந்துபோனதாகத் தோன்றும் ஒன்றின் மேல் யார் கோடு போடுவார்கள்? சலானின் பின்பக்கத்தில் போட்ட படம், நீங்களும் கை வையுங்கள் என்று அவரை அழைத்தது. விற்பனைக் கூட்டத்துக்கு ரெண்டர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பொருளைச் செய்கிறவரோடு பேசக் கைப்படத்தைத் தவிர எனக்கு வேறு மொழி கிடைக்கவில்லை.

இது சின்னப் பட்டறைகளின் வழக்கம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1959-ல் வெளிவந்த மினி காருக்கு எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பெட்டியை அதன் அடியில் வைத்து, மூன்று மீட்டர் சொச்ச நீளத்தில் நான்கு பேருக்கு இடம் செய்த அலெக் இசிகோனிஸ் தன் யோசனைகளைக் கைப்படங்களாகத்தான் கொடுத்தார். ஜாக் டேனியல்ஸ் போன்ற பொறியாளர்கள் அவற்றை அளவுள்ள வரைபடங்களாக மாற்றினார்கள்.

ஐபேடில் வரைந்தால் ஆகாதா என்றும் கேட்பார்கள். ஆகும், கை ஓடினால் சரி. தொடங்குபவர்களுக்கு மட்டும் தாளும் பால்பாயின்ட் பேனாவும் கொடுப்பேன். திரையில் தவறிய கோட்டை ஒரே தொடுதலில் அழித்துவிடுகிறார்கள். தாளில் அது அங்கேயே கிடக்கும். அடுத்த கோடு எவ்வளவு தேறியிருக்கிறது என்று காட்ட அது வேண்டும்.

கடைசிக் காரணம்தான் என்னை வருத்துகிறது: “எனக்கு வரைய வராது சார், அது பிறவியிலேயே வரணும்.” மற்ற வாதங்கள் மூளையிலிருந்து வருகின்றன. இது எப்போதோ பள்ளியில் யாரோ சிரித்ததிலிருந்து வருகிறது.

வாசலில் சிக்குக் கோலம் போடும் பெண்களை யாரும் பிறவிக் கலைஞர்கள் என்று தனியே பிரிப்பதில்லை. கோல நோட்டில் போட்டுப் பார்த்தார்கள், பிறகு தரையில் போட்டார்கள், மறுநாளும் போட்டார்கள். புள்ளிகளுக்கு நடுவே கை தயங்காமல் வளைவது அப்படித்தான் வந்தது. பொருள் வடிவமைப்பாளருக்கு வேண்டிய வரைதலும் அந்த வகைதான். முகத்தில் உணர்ச்சி கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு, மணிக்கட்டைப் பூட்டி, தோளிலிருந்து கையை நகர்த்தி, தாளைத் தொடாமல் காற்றில் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கோட்டை இழுப்பது. எந்தக் கோணத்திலிருந்தும் ஒரு பெட்டி. சக்கரம் போன்ற உருளைகளுக்கு, அச்சின் திசைக்குக் குறுக்காகப் படுத்திருக்கும் நீள்வட்டம். இவை தெரிந்தால் வீட்டிலுள்ள முக்கால்வாசிப் பொருள்களை வரைந்துவிடலாம்.

இதில் பாதி வேலை கையிலும் இல்லை, பார்வையில் இருக்கிறது. முதல் நாள் வகுப்பில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை மேசையில் வைத்து வரையச் சொல்வேன். வாயை நீள்வட்டமாகப் போடுவார்கள். அடியைப் பெரும்பாலும் நேர்கோடாக முடித்துவிடுவார்கள், டம்ளர் தட்டையாக நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதால். பார்த்ததை விட்டுவிட்டுத் தெரிந்ததை வரைந்துவிடுகிறார்கள். கண்மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் கண்ணுக்கு விரிந்துகொண்டே வரும். ஆகவே அடி விளிம்பு, வாயைவிடக் கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். இதை நான் சொல்லிக் கேட்டால் மறுநாள் மறந்துவிடும். அவர்களாகப் பார்த்துவிட்டால் ஒருநாளும் மறக்காது.

நாளைக் காலை காபி குடித்ததும் டம்ளரைக் கழுவப் போடாதீர்கள். கொஞ்சம் தள்ளி மேசையில் வைத்து, அதன் அடி விளிம்பை மட்டும் பாருங்கள். அந்த வளைவு கண்ணுக்குத் தட்டுப்பட்ட பிறகு பேனாவை எடுங்கள்.