காய்கறிப் பங்காளிகள்

"வாரத்துக்கு முப்பது டாலர் காய்கறிக்குத் தண்டம் அழறீங்களே, கடையில இதைவிடக் கம்மியாக் கிடைக்குமே?"

அமெரிக்காவுல சிஎஸ்ஏ-ல சேர்ந்த நம்ம ஆளுங்க எல்லாரும் ஒருதடவையாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாங்க. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஒரேயடியா இங்க எழுதி வெச்சுட்டா, இனிமே கேக்கறவங்களுக்குச் சுட்டி குடுத்துடலாம் :-)

தெரியாதவங்களுக்கு: கம்யூனிட்டி சப்போர்ட்டட் அக்ரிகல்ச்சர்ங்கறதோட சுருக்கம்தான் சிஎஸ்ஏ. நிலத்துல ஒண்ணுமே முளைக்காத குளிர்காலத்துலயே, சீசன் முழுசுக்குமான பணத்தை விவசாயிகிட்ட குடுத்துடணும். நாங்க இருக்கற மாசசூசெட்ஸ்ல, எங்க பண்ணையில 20 வாரத்துக்கு 600 டாலர். விதை, உரம், டிராக்டர் ரிப்பேர், ஆள் கூலின்னு அவருக்குச் செலவு வர்றது மார்ச், ஏப்ரல்ல. காய் வித்து நல்லாப் பணம் பாக்கறது ஜூலைக்கு மேல. நடுவுல பேங்க் கடனும் வட்டியும். அந்தக் கடனுக்குப் பதிலாத்தான் நம்ம பணம். ஜூன்லேருந்து வாராவாரம் விளைஞ்சதுல நம்ம பங்கு வரும்.

விளையலைன்னா? அங்கதான் விஷயமே இருக்கு.

இது புதுசு இல்லை. ஜப்பான்ல 1970-கள்லயே 'தெய்கெய்'ங்கற பேர்ல, பூச்சிமருந்துக்குப் பயந்த குடும்பங்கள் விவசாயிகளோட நேரடியா ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. அமெரிக்காவுல அலபாமாவோட கறுப்பின வேளாண் பேராசிரியர் புக்கர் வாட்லி, வாடிக்கையாளர்கள் முன்பணம் கட்டிச் சேர்ற பண்ணை கிளப்பைச் சின்ன விவசாயிகளுக்குச் சொல்லிக் குடுத்தார். 1986-ல மாசசூசெட்ஸ்ல ராபின் வான் என் நடத்தின இண்டியன் லைன் பண்ணையிலயும், நியூ ஹாம்ப்ஷயர்ல டெம்பிள்-வில்டன் பண்ணையிலயும் சிஎஸ்ஏ ஆரம்பிச்சது. அடிப்படை ஒண்ணுதான்: லாபத்துல மட்டும் இல்லை, நஷ்டத்துலயும் பங்கு.

நம்மூர் பாஷையில சொன்னா இன்னும் சுலபம். குத்தகைன்னா மழை பெஞ்சாலும் காஞ்சாலும் பேசின தொகையை வெச்சாகணும், அடி மொத்தமும் உழுதவன் தலையில. வாரம்னா விளைஞ்சதுல பங்கு, விளைச்சல் குறைஞ்சா ரெண்டு பேருக்கும் குறையும். கடையில வாங்கறப்போ நாம நிலத்தைக் குத்தகைக்கு விட்டவங்க மாதிரி, வெள்ளம் வந்ததுகூடத் தெரியாது. சிஎஸ்ஏ-ல நாம வாரத்துக்கு ஒத்துக்கிட்டவங்க.

2023 ஜூலையில கனெக்டிகட் ஆறு பெருகி இந்தப் பக்கத்து வயல்கள்ல புகுந்துச்சு. எங்க பண்ணையிலயும்தான். தண்ணி வடிஞ்சப்புறம் கீரையும் கோசும் பச்சைப்பசேல்னு நின்னுச்சு. ஆனா சாப்பிடற பாகத்துல வெள்ளத்தண்ணி பட்டுட்டா அதை விக்கக் கூடாதுங்கறது இங்க சட்டம். அவ்வளவையும் உழுது மண்ணுக்குள்ள தள்ளினாங்க. மேட்டு நிலத்துல இருந்தது மட்டும்தான் மிச்சம். ஒரு மாசம் பெட்டியில கால்வாசிதான் வந்துச்சு. உடனே சிலபேர் பணத்தைத் திருப்பிக் கேட்டாங்க. பங்காளின்னாலே சண்டைதானேங்கறீங்களா :-)

என் கருத்து, கேட்டது தப்புதான். பணம் அருமைங்கறது தெரியும். ஆனா அந்தப் பணம் ஏப்ரல்லயே விதையாவும் கூலியாவும் மாறிடுச்சு. அந்த மாசம் எங்களுக்குப் போனது நூறு டாலருக்குக் கொஞ்சம் கம்மி. அவர் ஒருத்தரே தாங்கியிருந்தா அடுத்த வருஷம் பண்ணையே இருந்திருக்காது. நூறு குடும்பம் ஆளுக்குக் கொஞ்சமாத் தாங்கினா அது வெறும் ஒரு மோசமான ஜூலை, அவ்வளவுதான்.

எதிர்க்கேள்வி ஒண்ணு நியாயமானது. மார்ச்ல 600 டாலரை மொத்தமா எடுத்து வைக்க எத்தனை பேரால முடியும்? இது வசதியானவங்க பொழுதுபோக்கு ஆயிடாதா? ஆகும், பண்ணை கவனமா இல்லைன்னா. டெம்பிள்-வில்டன்ல வருஷச் செலவை உறுப்பினர்கள் முன்னாடி வெச்சுடுவாங்க. அவங்கவங்க சக்திக்கு ஏத்த தொகையைச் சொல்லுவாங்க, மொத்தம் செலவுக்குச் சரியாகணும், அவ்வளவுதான். தவணை, வயல்ல வேலை செஞ்சு பங்கு வாங்கறதுன்னு வேற வழியும் இருக்கு. இதுல எதுவுமே இல்லாத பண்ணைகிட்ட ஏன்னு கேக்கலாம்.

இன்னொண்ணு. எங்கெங்கேயோ மொத்த விலைக்கு வாங்கிப் பெட்டி கட்டி அனுப்பிட்டு, அதுக்கும் சிஎஸ்ஏன்னு பேர் வெச்சுக்கறவங்க இருக்காங்க. அது வெறும் வீட்டு டெலிவரி. சேர்றதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க. பெட்டியில வர்றதுல உங்க நிலத்துல விளைஞ்சது எவ்வளவு? போன மோசமான வருஷத்துல உறுப்பினர்களுக்கு என்ன சொன்னீங்க? ரெண்டாவதுக்கு நேரா பதில் சொல்றவர்கிட்ட தைரியமாச் சேரலாம்.

நம்ம சமையலுக்கு ஒத்துவருமான்னு பயப்படாதீங்க. ஜூன்ல கீரையா வந்து குவியும், பருப்புல போட்டுக் கடைஞ்சுடலாம். நூல்கோல் சாம்பாருக்கு, பீட்ரூட் இலை கூட்டுக்கு, கேல் தேங்காய் போட்டுப் பொரியலுக்கு. முருங்கைக்காய் மட்டும் கேக்காதீங்க! ஒரே சிக்கல், குழந்தைகளுக்கு லீவு விட்டு நாம ஊருக்குப் போற ஜூலை, ஆகஸ்ட்லதான் தக்காளியும் கத்திரிக்காயும் வரும். பக்கத்து வீட்டோட அரைப் பங்கு பேசிக்கிட்டா வீணாப் போகாது.

மலிவாக் காய் வேணும்னா கடைக்கே போங்க, அதுல ஒண்ணும் பாவம் இல்லை. சேர்ந்தீங்கன்னா, காய்ஞ்ச வருஷத்துக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடறோம்னு தெரிஞ்சு சேருங்க.